இம்ப்ளான்ட் கற்கும் பல் மருத்துவர்களின் சந்தேகங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இழந்த பல்லுக்குப் பதிலாகத் தாடை எலும்பில் திருகு வைத்து அதன்மேல் பல் கட்டும் இம்ப்ளான்ட் சிகிச்சையைக் கற்றுக்கொள்ள வரும் பல் மருத்துவர்கள் பயிற்சி இடைவேளையிலும், போனிலும், சில சமயம் அறுவைக்கு முந்தைய இரவிலும் கேட்கிற கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கின்றன. ஒவ்வொருவருக்கும் தனியாகச் சொல்வதற்குப் பதிலாக இங்கே தொகுத்துவிட்டேன். கேள்விகளை அவர்கள் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன். இது மருத்துவர்களுக்காக எழுதியது. நோயாளிகள் தங்கள் சந்தேகத்தைத் தங்கள் மருத்துவரிடம்தான் கேட்க வேண்டும்.

எனக்கு சர்ஜரில மேற்படிப்பு இல்ல, சாதாரண பல் டாக்டர்தான். நான் இம்ப்ளான்ட் வைக்கலாமா?

யார் வைக்கலாம் என்ற விதி நாட்டுக்கு நாடு மாறும். உங்களுக்கு உரிமம் தரும் கவுன்சில் என்ன சொல்கிறது என்று முதலில் பார்த்துவிடுங்கள். விதி இடம் கொடுத்தால், எளிய கேஸ்களைப் பொதுப் பல் மருத்துவர் தாராளமாகச் செய்யலாம்.

நான் திருப்பிக் கேட்பது வேறு. உடைந்து உள்ளே நிற்கும் கடைவாய்ப் பல் வேரை, ஈறைத் திறந்து, எலும்பைக் கொஞ்சம் நீக்கி, பதறாமல் எடுக்க வருமா? எடுத்த பிறகு ஈறை இறுக்கிப் பிடிக்காமல் மூடித் தைக்க வருமா? இரண்டும் கைக்குப் பழகியிருந்தால் இம்ப்ளான்ட் டிரில்லும் பழகிவிடும். பழகவில்லை என்றால் முதலில் அதில் ஓராண்டு செலவழியுங்கள், வீண் போகாது. கிரவுன் (பல் உறை) வேலையும் நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும். அதற்குக் காரணம் இம்ப்ளான்ட்டை எங்கே வைப்பது என்ற கேள்வியில் வருகிறது.

ரெண்டு நாள் கோர்ஸ் முடிச்சு சர்டிஃபிகேட் வாங்கிட்டேன். ஆரம்பிக்கலாம்தானே?

அந்த இரண்டு நாளில் ஒரு கம்பெனியின் கிட்டைத் திறந்து மூடக் கற்றிருப்பீர்கள். அதுவும் தேவைதான். ஆனால் எந்த நோயாளிக்கு வைக்கக் கூடாது, நடுவில் ஏதாவது தவறினால் என்ன செய்வது என்பதெல்லாம் இரண்டு நாளில் வராது.

கோர்ஸைத் தேர்ந்தெடுக்கும்போது மூன்றே விஷயம் பார்ப்பேன். உங்கள் சொந்தக் கேஸைத் திட்டமிட்டுக் காட்டி விமர்சனம் வாங்க இடம் இருக்கிறதா? ஆசிரியர் பக்கத்தில் நிற்க, நோயாளிக்கு நீங்களே வைக்க வாய்ப்புண்டா? வைத்ததோடு நிற்காமல் கிரவுன் போட்டு ஓராண்டு கழித்தும் அந்தக் கேஸைப் பற்றிப் பேசுவார்களா? மேடையில் காட்டும் ஸ்லைடுகளில் தோற்றுப்போன கேஸ் ஒன்றுகூட இல்லை என்றால் எனக்குச் சந்தேகம் வந்துவிடும்.

அனுபவம் வித்தியாசம் செய்கிறதா என்றால், செய்கிறது. 1997-ல் வெளியான ஓர் ஆய்வில், 50-க்கும் குறைவாக இம்ப்ளான்ட் வைத்திருந்த மருத்துவர்களிடம் தோல்வி, அதற்கு மேல் வைத்தவர்களைவிட ஏறத்தாழ இரு மடங்கு இருந்தது. ஆரம்பக் கேஸ்களில்தான் வித்தியாசம் அதிகம். அதனால் முதல் சில கேஸ்களுக்கு அனுபவமுள்ள ஒருவர் நாற்காலிக்கு அந்தப் பக்கம் நிற்பது எந்தச் சர்டிஃபிகேட்டையும்விடப் பயன் தரும்.

நோயாளி வாயில வைக்கறதுக்கு முன்னாடி எதுல பிராக்டிஸ் பண்றது?

பிளாஸ்டிக் தாடை மாடலில் தொடங்கலாம். கோணம், ஆழம், டிரில் வரிசை எல்லாம் அதில் பழகும். ஆனால் பிளாஸ்டிக்குக்கு ஈறு கிடையாது, ரத்தமும் வராது. பன்றி அல்லது ஆட்டுத் தாடையில் ஈறைத் திறந்து தைத்துப் பழகினால் கைக்கு உண்மையான உணர்வு கிடைக்கும். உடற்கூறு ஆய்வகத்தில் மனிதத் தாடையில் வேலை செய்ய வாய்ப்பு வந்தால் விடாதீர்கள்; நாக்குப் பக்கம் கீழ்த்தாடை எவ்வளவு உள்வாங்கி இருக்கும் என்பதைக் கையால் தொட்டுப் பார்த்தவர் பிறகு மறக்கமாட்டார்.

பலர் விட்டுவிடும் ஒரு பயிற்சி, மற்றவருக்கு உதவியாளராக நிற்பது. சக்ஷனைப் பிடித்துக்கொண்டு பார்த்தால் அறுவையின் வரிசையும், எங்கே தாமதம் ஆகிறது என்பதும் நன்றாகப் பிடிபடும்.

முதல் கேஸ் எப்படிப்பட்டதா இருக்கணும்?

கீழ்த்தாடையின் முதல் கடைவாய்ப் பல்லோ முன்கடைவாய்ப் பல்லோ ஒன்று மட்டும் இல்லாத நோயாளி. பல் எடுத்துக் குறைந்தது நான்கைந்து மாதம் ஆகியிருக்கட்டும். இரு பக்கமும் ஆரோக்கியமான பல், நல்ல அகலமான எலும்பு, நரம்புக்கு மேலே தாராளமான இடம், தடித்த ஈறு, வாய் நன்றாகத் திறக்கும் ஆள், புகைப்பழக்கம் இல்லை, பல்லை நறநறவென்று கடிப்பதும் இல்லை. இப்படி ஒருவர் வரும்வரை காத்திருங்கள்.

சிரிக்கும்போது ஈறு தெரியும் மேல் முன்பல் வேண்டவே வேண்டாம். எலும்பு நிறைய இருக்கிறது, எளிதாக எட்டுகிறது என்று தோன்றும். அறுவை எளிதுதான், ஆனால் அரை மில்லிமீட்டர் பிசகினாலும் அழகு போய்விடும், பிறகு அதைச் சரிசெய்வது பெரிய வேலை. ஐடிஐ என்ற சர்வதேச அமைப்பு கேஸ்களை எளியது, மேம்பட்டது, சிக்கலானது என மூன்றாகப் பிரிக்க ஒரு முறை வைத்திருக்கிறது. அதில் அறுவைக்கு ஒரு மதிப்பீடு, பல் கட்டுவதற்கு இன்னொரு மதிப்பீடு. இரண்டிலும் எளியது என்று வருகிற கேஸாகப் பார்த்துத் தொடங்குங்கள்.

சொந்தக்காரர்களை முதல் நோயாளியாக உட்கார வைப்பது பலருக்கு வழக்கம். எனக்கு அதில் உடன்பாடில்லை. "வேண்டாம்" என்று சொல்ல முடியாமல் வந்து உட்காருவார்கள். பிரச்சினை வந்தாலும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள்.

ஓபிஜி பார்த்தா போதாதா? எல்லாருக்கும் சிபிசிடி எடுக்கணுமா?

ஓபிஜி (இரு தாடைகளையும் தட்டையாகக் காட்டும் எக்ஸ்ரே) எலும்பின் உயரத்தை மட்டும் காட்டும், அகலத்தைக் காட்டாது. அந்த உயரமும் அசலைவிடப் பெரிதாகத்தான் தெரியும், படத்துக்குப் படம் மாறும். விட்டம் தெரிந்த எஃகுக் குண்டு ஒன்றை வாயில் வைத்துப் படம் எடுத்தால் உருப்பெருக்கத்தைக் கணக்கிடலாம். அகலமும் உள்வாங்கலும் அப்போதும் தெரியாது.

முதல் பரிசோதனைக்கு ஓபிஜி, வைப்பது என்று முடிவானபின் அந்த இடத்துக்கு மட்டும் சிறிய பரப்பில் சிபிசிடி (முப்பரிமாண எக்ஸ்ரே). கற்றுக்கொள்ளும் காலத்தில் இதுதான் பாதுகாப்பு. எடுத்த பிறகு அறிக்கையை மட்டும் வாசித்துவிட்டு மூடாதீர்கள். நீங்களே மென்பொருளில் ஒவ்வொரு குறுக்குவெட்டாக ஓட்டிப் பாருங்கள், நரம்புக் கால்வாயை நீங்களே வரைந்து பாருங்கள்.

எலும்பு எங்க நல்லா இருக்கோ அங்க வைக்கறதுதானே?

முன்காலத்தில் அப்படித்தான் வைத்தார்கள். பிறகு அந்த இடத்தில் பல் கட்ட முடியாமல் லேப் திண்டாடும். இப்போது வரிசை தலைகீழ்: வரப்போகும் பல் எங்கே, எந்த வடிவில் இருக்க வேண்டும் என்று முதலில் முடிவு செய்கிறோம், அதற்கு ஏற்ற இடத்தில் இம்ப்ளான்ட், அங்கே எலும்பு போதவில்லை என்றால் எலும்பைச் சேர்க்கிறோம். கிரவுன் வேலை தெரிய வேண்டும் என்று மேலே சொன்னது இதனால்தான்.

மனப்பாடமாக வேண்டிய அளவுகள் உண்டு. பக்கத்துப் பல்லிலிருந்து 1.5 மி.மீ. இரண்டு இம்ப்ளான்ட்டுக்கு நடுவே 3 மி.மீ. கீழ்த்தாடை நரம்புக் கால்வாய்க்கு மேலே 2 மி.மீ. கன்னப் பக்கம் எலும்பு 1.5 முதல் 2 மி.மீ. தடிப்பாவது மிஞ்ச வேண்டும். முன்பல் பகுதியில், வரப்போகும் ஈறு விளிம்பிலிருந்து ஏறத்தாழ 3 முதல் 4 மி.மீ. ஆழத்தில் இம்ப்ளான்ட்டின் தோள் (மேல் விளிம்பு) நிற்க வேண்டும்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. பல கிட்டுகளில் டிரில்லின் கூர்முனை, அதன் மேல் எழுதியிருக்கும் நீளத்துக்குள் அடங்காது. 10 மி.மீ. கோடு வரை இறக்கினால் முனை இன்னும் ஒரு மி.மீ. வரைகூடக் கீழே போயிருக்கும். நரம்புக்கு விட்ட 2 மி.மீ. பாதியாகிவிடும். உங்கள் கிட்டில் அது எவ்வளவு என்று தயாரிப்பாளர் கையேட்டில் பார்த்து, கிட் மூடியிலேயே எழுதி ஒட்டிவையுங்கள்.

டிரில் பண்ணும்போது சூடாகுதுன்னு சொல்றாங்க. எவ்வளவு சூடு ஆபத்து?

ஸ்வீடனில் எரிக்சன், ஆல்ப்ரெக்ட்ஸன் இருவரும் முயல் எலும்பில் செய்த ஆய்வு 1983-ல் வந்தது. 47 டிகிரி செல்சியஸ் ஒரு நிமிடம் நீடித்தாலே எலும்பு பாதிக்கப்படத் தொடங்குகிறது என்று அதில் கண்டார்கள். உடல் வெப்பத்துக்கு மேல் வெறும் 10 டிகிரிதான் இடைவெளி.

கெட்டியான கீழ்த்தாடை எலும்பில்தான் இந்த ஆபத்து அதிகம். மழுங்கிய டிரில்லை அழுத்தி இறக்குவதுதான் பெரும்பாலும் காரணம். ஒரு டிரில்லை எத்தனை முறை பயன்படுத்தினோம் என்று குறித்துவைத்து, தயாரிப்பாளர் சொன்ன எண்ணிக்கையில் மாற்றிவிடுங்கள். குளிர்ந்த சலைன் ஓடிக்கொண்டே இருக்கட்டும். ஒரேயடியாக இறக்காமல் மேலும் கீழுமாக எடுத்து எடுத்து இறக்குங்கள்; எலும்புத் துகளும் வெளியேறும், சலைனும் அடிவரை போகும். அளவு வரிசையில் எதையும் தாண்டிக் குதிக்காதீர்கள்.

டார்க் 60, 70 வந்தா ரொம்ப நல்லதுதானே சார்?

இந்தக் கேள்வியைப் பெருமையோடு கேட்பவர்கள் நிறைய. டார்க் என்பது இம்ப்ளான்ட்டைத் திருகி இறக்கும் முறுக்கு விசை. இம்ப்ளான்ட் அசையாமல் நிற்க இறுக்கம் வேண்டும், உடனே தற்காலிகப் பல் மாட்ட வேண்டுமென்றால் 35 நியூட்டன் சென்டிமீட்டரையாவது பலர் எதிர்பார்க்கிறார்கள். ஆனால் கெட்டி எலும்பில் 70 வரை முறுக்கினால், இம்ப்ளான்ட்டின் கழுத்தைச் சுற்றியுள்ள எலும்பு நசுங்கும். நசுங்கிய எலும்பு கரைந்துதான் திரும்ப உருவாக வேண்டும். முறுக்கு ஏறிக்கொண்டே போனால் நிறுத்தி, கொஞ்சம் பின்னால் திருப்பி எடுத்து, டேப் (எலும்பில் மரை வெட்டும் கருவி) அல்லது துளையின் வாயை அகலமாக்கும் கழுத்து டிரில் போட்டு மீண்டும் வையுங்கள்.

வைத்த அன்று இருக்கும் பிடி வெறும் திருகின் பிடி. எலும்பு புதிதாக வளர்ந்து ஒட்டுவது மெல்ல வரும். பழைய பிடி குறைந்து புதிய பிடி முழுதாக வராத ஒரு தாழ்வு ஏறத்தாழ 3, 4 வாரத்தில் வருகிறது. அந்தச் சமயத்தில் ஹீலிங் அபட்மென்ட்டை (ஈறு ஆறும்வரை இம்ப்ளான்ட்டின் மேல் மாட்டும் மூடியை) திருகிப் பார்ப்பது, அளவெடுப்பது எல்லாம் வேண்டாம். அதிர்வு முறையில் அளக்கும் ஐஎஸ்க்யூ கருவி இருந்தால், வைத்த அன்று ஒரு எண், பல் கட்டும் முன் ஒரு எண் எடுத்து ஒப்பிடுங்கள். அந்த அளவுகோல் 100 வரை போகும். 70-க்கு மேல் என்றால் நிம்மதி, 60-க்குக் கீழே என்றால் காத்திருப்பேன். ஒற்றை எண்ணைவிட அது ஏறுகிறதா இறங்குகிறதா என்பது முக்கியம்.

அப்போ எவ்வளவு நாள் கழிச்சு பல் மாட்டலாம்?

பர்-இங்வார் பிரானெமார்க் 1965-ல் முதல் நோயாளிக்கு டைட்டானியம் இம்ப்ளான்ட் வைத்த காலத்திலிருந்து நெடுநாள், கீழ்த்தாடைக்கு 3 மாதம், மேல்தாடைக்கு 6 மாதம் என்பதுதான் வழக்கமாக இருந்தது. பிறகு வந்த சொரசொரப்பான மேற்பரப்புகள் அதைக் குறைத்துவிட்டன. நல்ல எலும்பில் 6 முதல் 8 வாரத்தில் பல் கட்டுவது இன்று சாதாரணம். மேல்தாடைப் பின்பகுதியில் எலும்பு மென்மையாக இருந்தாலோ, எலும்புத்தூள் சேர்த்திருந்தாலோ பழைய கணக்கையே வைத்துக்கொள்ளுங்கள். தொடங்கும் காலத்தில் ஒரு மாதம் கூடுதலாகக் காத்திருந்து கெட்டுப்போனவர் யாரையும் நான் பார்த்ததில்லை.

கைடு பிரின்ட் பண்ணி வெச்சா அனுபவமே தேவையில்லன்னு கம்பெனிக்காரர் சொல்றாரே?

கம்பெனிக்காரர் விற்க வந்தவர். சர்ஜிக்கல் கைடு, அதாவது டிரில் போக வேண்டிய இடத்தில் துளை வைத்துப் பிரின்ட் செய்த அச்சு, நல்ல கருவி, வெறுங்கையைவிடத் துல்லியமானது. என்றாலும் திட்டத்துக்கும் உண்மையில் இம்ப்ளான்ட் நிற்கும் இடத்துக்கும் சராசரியாக ஒரு மி.மீ. அளவிலும், சில டிகிரி கோணத்திலும் வேறுபாடு வருவதை ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டுகின்றன. சராசரியே அவ்வளவு என்றால் மோசமான கேஸில் எவ்வளவு என்று யோசியுங்கள். நரம்புக்கு 2 மி.மீ. விடச் சொல்வதில் இந்தக் கணக்கும் சேர்ந்திருக்கிறது.

கைடில் தனிப் பிரச்சினைகளும் உண்டு. டிரில் நீளமாக இருப்பதால் வாய் குறைவாகத் திறப்பவரின் கடைவாயில் நுழையாது. சலைன் துளைக்குள் சரியாகப் போகாது, சூட்டைப் பற்றிச் சொன்னதை நினைவில் வையுங்கள். பல்லில் கைடு முழுதாக உட்கார்ந்ததா என்று பார்க்கும் ஜன்னல்களைக் கட்டாயம் வைக்கச் சொல்லுங்கள். கைடு நடுவில் உடைந்தால் அது இல்லாமல் முடிக்க முடியுமா? முடியாது என்றால் அந்தக் கேஸ் இன்னும் உங்களுடையது இல்லை.

எந்த கம்பெனி சிஸ்டம் வாங்கறது?

நீண்டகால ஆய்வுகள் வெளியானது, பத்து ஆண்டு கழித்தும் ஸ்க்ரூவும் அபட்மென்ட்டும் (இம்ப்ளான்ட்டையும் கிரவுனையும் இணைக்கும் துண்டு) கிடைக்கும் என்று நம்பக்கூடியது, உங்கள் லேபுக்குப் பழக்கமானது. இதற்குள் எதுவானாலும் சரி. ஒன்றை எடுத்து அதிலேயே பழகுங்கள். மூன்று கிட் வைத்திருப்பவர் மூன்றிலும் தடுமாறுவார்.

பல்லை எடுத்த உடனே அதே குழியில வெச்சுடலாமா? நோயாளிக்கும் ஒரே சர்ஜரியோட முடியும்.

முடியும், ஆனால் முதல் ஆண்டில் வேண்டாம். ஆரம்பக்காரர்கள் இதை எளிய வழி என்று நினைக்கிறார்கள், துளை ஏற்கெனவே இருக்கிறதே என்று. அந்தத் துளைதான் சிக்கல். மேல் முன்பல்லின் குழியிலேயே டிரில்லை விட்டால் அது தானாக உதட்டுப் பக்கம் வழுக்கும். அங்கே எலும்புச் சுவர் பெரும்பாலும் ஒரு மி.மீ.கூட இருக்காது. இம்ப்ளான்ட் உதட்டுப் பக்கம் சாய்ந்து, பின்னால் ஈறு இறங்கி, சாம்பல் நிறம் தெரியும். அண்ணப் பக்கச் சுவரில் புதிதாக இடம் பிடித்து, வேர் முனைக்கு அப்பால் 3 மி.மீ.யாவது புதிய எலும்பில் பிடி வாங்கி, முன் இடைவெளியை எலும்புத்தூளால் நிரப்ப வேண்டும்.

உதட்டுப் பக்கச் சுவர் முழுதாக இருக்கிறதா, ஈறு தடிமனா, சீழ் வடிகிறதா என்று பல் எடுத்தபின் பாருங்கள். ஏதாவது ஒன்றில் சந்தேகம் வந்தால் அன்று வைக்காமல், மென்திசு ஆறும் 4 முதல் 8 வாரம் கழித்து வைப்பது நல்ல நடுவழி. அதனால் நோயாளியிடம் "இன்றே வைத்துவிடுவேன்" என்று முன்கூட்டி வாக்குக் கொடுக்காதீர்கள்.

சர்க்கரை இருக்கறவங்க, சிகரெட் பிடிக்கறவங்க, எலும்புத் தேய்மானத்துக்கு மாத்திரை சாப்பிடறவங்க... யாருக்கு முடியாதுன்னு சொல்றது?

கட்டுப்பாட்டில் இருக்கும் சர்க்கரை தடையில்லை. எச்பிஏ1சி (சில மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) 8-ஐத் தாண்டினால் அவருடைய மருத்துவரிடம் பேசி, இறங்கியபின் வைப்பேன். புகைப்பவரிடம் தோல்வி ஏறத்தாழ இரு மடங்கு. அதை எண்ணாகவே சொல்லி, அவரே முடிவெடுக்க விடுங்கள். ஆஸ்பிரினையோ ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் மற்ற மருந்துகளையோ நீங்களாக நிறுத்தச் சொல்லக் கூடாது.

எலும்பு மருந்தில்தான் கவனம் அதிகம் வேண்டும். புற்றுநோய்க்காக ரத்தநாளம் வழியே பிஸ்பாஸ்போனேட்டோ, அதிக அளவில் டெனோசுமாப் ஊசியோ (இரண்டும் எலும்பு கரைவதைத் தடுக்கும் மருந்துகள்) பெறுபவருக்குத் தாடை எலும்பு அழுகும் ஆபத்து உண்டு, அங்கே இம்ப்ளான்ட் வேண்டாம். எலும்புத் தேய்மானத்துக்கு வாய்வழி மாத்திரை சாப்பிடுபவருக்கு ஆபத்து குறைவு, ஆனால் இல்லாமல் இல்லை. எழுத்தில் விளக்கி ஒப்புதல் வாங்குங்கள். "ஊசியை ஒரு தடவை தள்ளிப்போடுங்க" என்று பல் மருத்துவர் சாதாரணமாகச் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். டெனோசுமாபை நிறுத்தினால் முதுகெலும்பு முறிவுகள் வரலாம். அந்த முடிவு அதை எழுதிய மருத்துவருடையது. மருந்துப் பட்டியல் கேட்கும்போது "ஆறு மாதத்துக்கு ஒருமுறை, வருடத்துக்கு ஒருமுறை ஏதாவது ஊசி போடறீங்களா?" என்று தனியாகக் கேளுங்கள். மாத்திரைகளைச் சொல்பவர்கள் ஊசியை மறந்துவிடுவார்கள்.

மறுநாள் போன் பண்ணி "உதடு இன்னும் மரத்துப்போயிருக்கு"ன்னு சொல்றாங்க. மாத்திரை கொடுத்துப் பார்க்கலாமா?

மறுநாள் அவர்கள் கூப்பிடும்வரை காத்திருப்பதே தாமதம். கீழ்த்தாடையில் வைத்த ஒவ்வொருவரையும் அன்று மாலையே, மரப்பு தீர்ந்திருக்க வேண்டிய நேரத்தில், நீங்களே கூப்பிடுங்கள். மரப்பு அப்படியே இருந்தால் உடனே வரவழைத்து, எந்தப் பரப்பில் உணர்வில்லை என்று தோலில் குறித்துப் படமெடுத்து, சிபிசிடி எடுங்கள். இம்ப்ளான்ட் கால்வாயைத் தொட்டாலோ மிக நெருங்கியிருந்தாலோ எடுத்துவிடுங்கள். முதல் ஒன்றரை நாளுக்குள் எடுத்தால்தான் நரம்பு மீளும் வாய்ப்பு நன்றாக இருக்கும். வைட்டமின் மாத்திரை எழுதிக் கொடுத்து இரண்டு வாரம் கழித்து வரச்சொல்வது அந்த வாய்ப்பைத் தொலைக்கும் வழி. உடனே வாய்-முக அறுவை நிபுணரிடமும் அனுப்புங்கள்.

இதைவிட அவசரமானது ஒன்று உண்டு. கீழ்த்தாடை முன்பகுதியில் டிரில் நாக்குப் பக்கச் சுவரைத் துளைத்தால் நாக்கடி ரத்தக்குழாய் அறுபடலாம். வாயின் அடித்தளம் வீங்கி நாக்கு மேலெழும், மூச்சு அடைபடும். சில சமயம் இது அறுவை முடிந்து சில மணி நேரம் கழித்துத்தான் தெரியும். வாய்க்குள்ளிருந்தும் தாடைக்குக் கீழிருந்தும் சேர்த்து அழுத்திப் பிடித்துக்கொண்டு ஆம்புலன்ஸை அழையுங்கள். கிளினிக்கிலேயே திறந்து ரத்தக்குழாயைத் தேட வேண்டாம்.

நாலு வருஷமா வைக்கறேன், ஒண்ணுகூட விழல. அப்போ என் வேலை நல்லாத்தானே இருக்கு?

விழாமல் இருப்பது வேறு, நன்றாக இருப்பது வேறு. பத்து ஆண்டுகளில் இம்ப்ளான்ட் நிலைத்து நிற்கும் விகிதம் ஆய்வுகளில் 95 சதவீதத்தை ஒட்டி வருகிறது. ஆனால் நிற்கும் இம்ப்ளான்ட்டைச் சுற்றியும் எலும்பு கரைந்துகொண்டிருக்கலாம், அதில் வலி இருக்காது. அப்புறம், விழுந்தவர்கள் உங்களிடமே திரும்பி வருவார்கள் என்று யார் சொன்னது?

பல் மாட்டிய அன்று, சரியான கோணத்தில் ஓர் எக்ஸ்ரே. பின்னால் ஒப்பிட அதுதான் ஆதாரம். பிறகு ஆண்டுக்கொரு முறை எல்லோரையும் கூப்பிட்டு, அளவுகோலால் ஈறுக்குள் மெதுவாக அளந்து, ரத்தம் அல்லது சீழ் வருகிறதா என்று பாருங்கள். பழைய எக்ஸ்ரே இல்லாத கேஸுக்கு, ஈறு நோய் நிபுணர்கள் கூடிய 2017 உலகப் பட்டறை ஒரு வரையறை தந்தது: அளக்கும்போது ரத்தமோ சீழோ, 6 மி.மீ. அல்லது அதற்கு மேல் ஆழம், 3 மி.மீ. அல்லது அதற்கு மேல் எலும்பு இறக்கம், மூன்றும் சேர்ந்தால் பெரி-இம்ப்ளான்டைட்டிஸ், அதாவது இம்ப்ளான்ட்டைச் சுற்றி எலும்பைக் கரைக்கும் அழற்சி.

ஒவ்வொரு கேஸுக்கும் எலும்பின் தன்மை, டார்க், ஐஎஸ்க்யூ, அளவு, அன்று நடந்த எதிர்பாராதது என்று ஒரு வரி எழுதிவையுங்கள். திட்டத்தின் படத்தையும் வைத்தபின் எடுத்த படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரே பக்கமாகச் சாய்கிறீர்கள் என்பது பத்துப் பதினைந்து கேஸ் சேர்ந்தாலே கண்ணில் படும். உட்காரும் இடத்தை மாற்றினால் சரியாகிவிடக்கூடிய சாய்வுகூட இருக்கும்.

வேற ஒருத்தர் வெச்ச இம்ப்ளான்ட் ஆடுதுன்னு நோயாளி வர்றாங்க. எடுத்துட்டுப் புதுசா வெச்சுடவா?

முதலில் எது ஆடுகிறது என்று பாருங்கள். பல நேரம் இம்ப்ளான்ட் உறுதியாக இருக்கும், உள்ளே ஸ்க்ரூதான் தளர்ந்திருக்கும், குறிப்பாக ஒற்றைக் கடைவாய்ப் பல்லில். கிரவுனைக் கழற்றி இம்ப்ளான்ட்டை மட்டும் சோதிக்காமல் முடிவுக்கு வர வேண்டாம். இம்ப்ளான்ட்டே அசைந்தால் அது ஒட்டவில்லை அல்லது ஒட்டு விட்டுப்போயிற்று, எடுப்பதைத் தவிர வழியில்லை.

ஸ்க்ரூ மட்டும் தளர்ந்திருந்தால், எந்தக் கம்பெனி, எந்த அளவு என்று தெரிந்துகொள்ளாமல் கையில் கிடைத்த டிரைவரைச் செருகாதீர்கள்; தலை மழுங்கிவிட்டால் சின்ன வேலை பெரிய வேலையாகும். முன்பு வைத்தவரைத் தொலைபேசியில் கூப்பிட்டால் பெரும்பாலும் இரண்டு நிமிடத்தில் விவரம் கிடைத்துவிடும். நோயாளி முன்னால் அவரைக் குறை சொல்லவும் வேண்டாம். அன்று எலும்பு எப்படி இருந்தது, நோயாளி என்ன வேண்டும் என்று கேட்டார் என்பது நமக்குத் தெரியாது. புதிய ஸ்க்ரூ போட்டு, தயாரிப்பாளர் சொன்ன டார்க்கில் இறுக்கி, சில நிமிடம் கழித்து மறுபடி இறுக்கி, கடியைச் சரிபார்த்து அனுப்புங்கள். அதே ஸ்க்ரூ மீண்டும் தளர்ந்தால் கோளாறு கடியிலோ, பொருந்தாத அபட்மென்ட்டிலோ இருக்கிறது. மூன்றாவது முறை இறுக்குவதால் தீராது.